பத்து பன்னிரண்டுக்கு ஊதிய சங்கு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். அவள் சமையலறைக் கடிகாரம் ஒன்பது பத்து காட்டியது. அடித்துப்பிடித்து மாடிப்படி இறங்கி, தெருமுனை வரை ஓடிய பிறகுதான் உறைத்தது: அது அம்மாவின் கடிகாரம், காட்டுவதிலிருந்து இருபது நிமிடத்தைக் கழிக்க வேண்டும். எனக்கு ஐம்பது வயதாகிறது. பிறந்ததிலிருந்து பார்த்துவரும் கடிகாரம். இன்னும் ஏமாறுகிறேன்.

ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர், தினமும் நடந்ததில் ஒரு நல்லதையாவது எழுதி வையுங்கள் என்கிறார். எழுதினால் மாத்திரையைக் குறைக்கலாமாம். சரி, எழுதுகிறேன். சீக்கிரம் போனதால் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

மார்ச் 4, புதன்

ஆவண நிலையத்தில் இயக்குநர் கூட்டம் போட்டார். முதல் அறிக்கை வந்து பதினெட்டு வருடம் ஆகிவிட்டது, இரண்டாவது இந்த வருடம் வந்தாக வேண்டும் என்றார். முதல் அறிக்கை என்ன நடந்தது என்று சொன்னது. இரண்டாவது, நடந்ததற்கு என்ன பெயர் என்று சொல்ல வேண்டும்.

ஐம்பத்தோரு வருடத்துக்கு முன்னால் பதினொரு நாள் விமானங்கள் வந்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் மக்கள் இருந்த தெருக்களில் மட்டும் குண்டு விழுந்தது. அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட உடையவில்லை. இறந்தவர்கள் ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு பேர். புதிதாக வரும் மாணவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடமாகிவிட்ட வரிகள். ஆனால் இனப்படுகொலை என்ற சொல்லை எழுத இது போதாது. அழிக்க வேண்டும் என்ற நோக்கம் இருந்ததைக் காட்ட வேண்டும். அந்த அத்தியாயத்தை இயக்குநர் எழுதுகிறார். நாங்கள் பழைய அட்டவணைகளைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.

என் பங்குக்கு ஏழாவது அட்டவணை. முதல் நாள் காலையில் நடந்தது, நிமிடவாரியாக. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே தயாரித்தது. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எதிர்த்தரப்புப் பேராசிரியர்கள்கூட அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

"ஏன் காட்டறாங்கன்னு என்னிக்காவது யோசிச்சீங்களா?" என்றார் இயக்குநர். "அபாயச் சங்கு பன்னிரண்டு நிமிஷம் லேட்டு, அதனாலதான் இவ்வளவு சாவு, குத்தம் ஊதாதவன் மேலன்னு எழுதறாங்க. உங்க அட்டவணைதான் அவங்களுக்குச் சாட்சி."

அதற்கு நான் என்ன செய்ய? ரயில் நிலையப் பதிவேட்டில் முதல் குண்டு பத்து இருபது. மில் கூரையில் இருந்த சங்கு அறையின் பதிவேட்டில் சங்கு ஊதியது பத்து முப்பத்திரண்டு. இரண்டும் கையெழுத்தோடு இருக்கின்றன. கழிக்க எனக்குத் தெரியும்.

நல்லது: கூட்டத்தில் கொடுத்த தேநீர் சூடாக இருந்தது. போதுமா டாக்டர்?

மார்ச் 7, சனி

அம்மாவின் கடிகாரம் நின்றுவிட்டது. ஸ்டூலில் ஏறி பேட்டரி மாற்றினேன். மாற்றிய கையோடு சரியான நேரத்தையும் வைத்தேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாருடி உன்னை சரியா வைக்கச் சொன்னது? இருபது நிமிஷம் முந்தி வை."

"எதுக்கும்மா? ஊரெல்லாம் ஒரு நேரம், உனக்கு மட்டும் தனி நேரமா?"

"அது மில்லு நேரம். எட்டு வருஷம் அந்த நேரத்துல ஓடின உடம்பு இது. மாத்தினா எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது."

அம்மா பதினைந்து வயதில் மில்லில் நூல் சுற்றும் பிரிவில் சேர்ந்தவள். முதலாளி கோபுரக் கடிகாரத்தை எப்போதும் இருபது நிமிடம் முந்தி வைத்திருப்பாராம். எட்டு மணி ஷிப்டுக்கு உண்மையில் ஏழு நாற்பதுக்கே கேட்டைச் சாத்திவிடுவார்களாம். "சாயங்காலம் விடறப்ப மட்டும் மேனேஜர் தன்னோட கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அது ரொம்ப கரெக்டா இருக்கும்!" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே முள்ளை முந்தி வைத்தேன். மில்லுக்குள் கேன்டீன், முதலுதவி அறை, மேலே சங்கு அறை எல்லாமே அந்த நேரத்தில்தான் ஓடியதாம்.

"சங்கு அறையுமா?"

"அங்க தனியா ஏது கடிகாரம்? ஜன்னலைத் திறந்தா நேரா கோபுரம்தான் தெரியும்."

"குண்டு போட்ட அன்னிக்கும் அப்படித்தானா?"

"மில்லு எரியற வரைக்கும் அப்படித்தான். ஏன்டி முழிக்கற? இறங்கு, ஸ்டூலு ஆடுது."

ஸ்டூல் ஆடவில்லை. நான்தான் ஆடிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு வருடமாக ஊரில் உள்ளவர்களை எல்லாம் உட்காரவைத்துக் கேள்வி கேட்பதுதான் என் வேலை. அம்மாவிடம் இந்தக் கடிகாரம் ஏன் முந்துகிறது என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா? வீட்டில் இருப்பதை யார் கேட்கிறார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

பத்து முப்பத்திரண்டில் இருபது போனால் பத்து பன்னிரண்டு. முதல் குண்டு பத்து இருபது. எட்டு நிமிடம் முன்பே ஊதியிருக்கிறார்.

காலையிலிருந்து ஏழெட்டு முறை கழித்துப் பார்த்துவிட்டேன். அதேதான் வருகிறது.

மார்ச் 9, திங்கள்

முதல் அறிக்கை, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், அடிக்குறிப்பு: "சாட்சிகளில் பதினொருவர், குண்டு விழுவதற்கு முன்பே சங்கு ஒலித்ததாகக் கூறுகின்றனர். பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களின் நினைவில் நிகழ்வுகளின் வரிசை மாறிவிடுவது இயல்பே."

எவ்வளவு அழகான வாக்கியம். நான் எழுதியது. அந்தப் பதினொருவரில் ஒருத்தி என் அம்மா.

"சங்கு ஊதிச்சு, அடுப்பை அணைச்சேன், பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பினேன், செருப்பைத் தேடினேன், எதிர்க் கட்டடத்து நிலவறைக்குள்ள இறங்கினேன், அப்புறம்தான் குண்டு." சின்ன வயதிலிருந்து சோற்றோடு சேர்த்து ஊட்டிய கதை. காகிதம் வேறு மாதிரி சொன்னது, நான் காகிதத்தை நம்பினேன். என்னைப் பெற்றவளுக்கு அதிர்ச்சி என்று அடிக்குறிப்பு போட்டேன். அன்றைக்கு அவளுக்கு ஐந்து மாதம், மில்லுக்கு லீவு. உள்ளே நான்.

சங்கு ஊதியவர் பெயரை நாங்கள் போடவில்லை, 'சங்கு அறைப் பணியாளர்' என்றுதான் போட்டோம். அதனால் என்ன? அந்தக் கூரையில் இருந்தது ஒரே ஒருவர். நாளிதழில் வந்த வாரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வீட்டுச் சுவரில் யாரோ கரியால் 'ஊதாதவன்' என்று எழுதினார்கள். கடைக்காரர்கூட அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரின் மறுகோடியில் மகளோடு போய் இருக்கிறார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? 'அறிக்கைக்குப் பொதுமக்களின் எதிர்வினை' என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறேன், அதில் எல்லாவற்றையும் வெட்டி ஒட்டியிருக்கிறேன். பசை போட்டு, தேதி போட்டு.

டாக்டர், இன்று ஒன்றும் இல்லை.

மார்ச் 11, புதன்

பதினொரு பேரின் ஒலிநாடாக்களையும் எடுத்துக் கேட்கிறேன். எட்டு முடிந்தது.

ஒரு தையல்காரர் சொல்கிறார்: "சங்கு ஊதினப்ப ஊசியில நூல் கோத்துட்டு இருந்தேன். கோத்து முடிச்சு, துணியை மடிச்சு வெச்சுட்டுத்தான் இறங்கினேன்."

நடுவில் என் குரல். "குண்டு விழுந்தப்புறம்தானே ஊதிச்சு? நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க."

பிறகு அவர்: "அப்படியா... இருக்கலாம்மா."

முப்பத்திரண்டு வயதுக் குரல். எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறது, எவ்வளவு திமிராகப் பேசுகிறது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினேன். தையல்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவரிடம் இனி மன்னிப்புக்கூடக் கேட்க முடியாது.

மார்ச் 12, வியாழன்

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"கடிகார விஷயம் யார் சொன்னது?"

"எங்கம்மா."

"உங்கம்மா" என்று திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். நிலையத்தின் விதி எனக்குத் தெரியாதா? எதற்கும் ஒன்றையொன்று சாராத இரண்டு சான்று வேண்டும். நிலையப் பணியாளரின் உறவினர் சொல் சான்றாகாது. விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.

"ஒரு அட்டவணை தப்புன்னு நாமளே சொன்னா மத்த நாப்பதும் சரின்னு எவன் நம்புவான்? செத்தவங்க எண்ணிக்கையையே சந்தேகப்படுவாங்க. இதுக்குத்தானே காத்துட்டு இருக்காங்க."

"அந்தப் பெரியவர் உயிரோட இருக்கார் சார். எண்பது வயசு. இன்னும் எத்தனை நாள் நாம யோசிக்கறது?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "சான்று கொண்டு வாங்கம்மா. முதல் கையெழுத்து நான் போடறேன். சான்று இல்லாம என்னால முடியாது."

அறையை விட்டு வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது எழுதும்போது தோன்றுகிறது: பதினெட்டு வருடத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது இப்படிப் பிடிவாதம் பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 14, சனி

அம்மாவை நடக்கவைத்துப் பார்த்தேன். அவள் அன்றைக்கு இருந்ததும் இதே மாதிரி மாடி வீடு. மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, போனில் நிறுத்துகடிகாரத்தை வைத்துக்கொண்டு நானே வாயால் சங்கு ஊதினேன். பக்கத்து மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மா இறங்கினாள். அடுப்பை அணைத்தாள். பக்கத்துக் கதவைத் தட்டுவது போல் காற்றில் தட்டினாள். அன்று அங்கே நைட் ஷிப்ட் முடித்துவிட்டு ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தாராம், லேசில் எழுந்திருக்க மாட்டாராம். "இன்னும் தட்டறேன்... இன்னும் தட்டறேன்... அப்பாடா, எழுந்தார்." பிறகு வாசலில் குனிந்து செருப்பு தேடினாள். பிறகு தெருவைக் கடந்து எதிர்க் கட்டடத்து வாசல் வரை.

ஏழு நிமிடம் பத்து விநாடி.

"இப்ப எழுபத்தி நாலு வயசு. அப்பன்னா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பேன்" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இது சான்றாகாது. ஆனாலும் அந்த வாசற்படியில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துவிட்டபோது, எனக்காக ஒருவர் எட்டு நிமிடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்பது முதன்முதலாக உடம்பில் உறைத்தது. அந்த மனிதரைத்தான் அட்டவணையில் போட்டு... சே.

மார்ச் 17, செவ்வாய்

பூதக்கண்ணாடி வந்தார். படப் பிரிவில் இருப்பவர். கழுத்தில் எப்போதும் ஒரு லென்ஸ் தொங்குவதால் அந்தப் பெயர், அவருக்கே அது பிடிக்கும். மில் படங்கள் எல்லாவற்றையும் பார்த்துத் தரச் சொல்லி நாலு நாளாக அவரைப் படுத்திக்கொண்டிருந்தேன். கையில் படம் எதுவும் இல்லை. முதல் அறிக்கையை மட்டும் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். குத்திக்காட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டையின் மேல் லென்ஸை வைத்தார். "படிங்க."

அட்டைப் படம் நான் தேர்ந்தெடுத்தது. குண்டுவீச்சுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு காலை, மில் கேட்டை நோக்கி ஓடும் பெண்கள். இடது மூலையில் மில் கோபுரக் கடிகாரம்: எட்டு. வலது பக்கம் தூரத்தில், மரங்களுக்கு மேல், சட்டைப் பொத்தான் அளவுக்கு ரயில் நிலையக் கடிகாரம். லென்ஸை நகர்த்தினார்.

ஏழு நாற்பது.

"பதினெட்டு வருஷமா அட்டையிலேயே இருந்திருக்கு. நாலாயிரம் பிரதி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார். வாங்கித் தின்றேன். அழுதுகொண்டே தின்றேன். அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டு ஓடுகிறார்கள், என்ன உற்சாகம் என்றுதான் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். கேட்டைச் சாத்திவிடப் போகிறார்களே என்று ஓடியிருக்கிறார்கள்.

படம் ஒரு சான்று. ஒலிநாடாவில், நான் குறுக்கே பேசுவதற்கு முன்னால் அந்தப் பத்துப் பேர் சொன்னது இன்னொரு சான்று. அம்மாவைச் சேர்க்காமலே இரண்டாகிவிட்டது.

நல்லது எழுத இடம் போதவில்லை டாக்டர்.

மார்ச் 18, புதன்

திருத்தக் குறிப்பில் இயக்குநர் கையெழுத்து போட்டுவிட்டார். சொன்னபடி முதல் கையெழுத்து அவருடையது. எனக்கு முன்னால் போட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

சங்கு ஊதியவர் வீட்டுக்குப் போனேன்.

மகள்தான் கதவைத் திறந்தார். மருத்துவமனையில் நர்ஸ், டியூட்டி முடிந்து வந்து இன்னும் உடை மாற்றவில்லை. ஆவண நிலையம் என்றதும் அவர் முகம் மாறியது.

"இன்னும் என்ன எழுதணும் உங்களுக்கு?"

"எழுதினது தப்புங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன். எழுதினதும் நான்தான்."

பாதிக் கதவைப் பிடித்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விலகி நின்றார். "அவருக்குக் காது கேக்காது. ஏழு வருஷம் சங்குக்குப் பக்கத்துல நின்ன காது. எழுதித்தான் காட்டணும்."

ஜன்னலோரம் நாற்காலியில் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம், கயிறு கட்டிய பென்சில். நானூறு பக்க அறிக்கை எழுதிய கையால் ஒரே ஒரு வரி எழுதினேன்.

'ஐயா, நீங்கள் நேரத்துக்கு ஊதினீர்கள்.'

வாசித்தார். என்னைப் பார்த்தார். காது கேட்காதவர்கள் பேசுவது போல உரக்கச் சொன்னார்: "இல்லம்மா. நான் லேட்டு. அச்சுல வந்துச்சே."

'அச்சில் போட்டது நான். தப்பாகப் போட்டேன். மில் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடியது. நான் அதைக் கழிக்கவில்லை.'

'இருபது நிமிடம்' என்ற இடத்தில் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது. மகள் அவர் தோளைத் தொட்டார். "அட" என்றார் பெரியவர். "அட, ஆமா. அந்தத் திருட்டுக் கடிகாரம்! நானே மறந்துட்டேனே."

பிறகு யாரையும் பார்க்காமல் பேசினார். "எங்க அண்ணன் வீட்ல ஆறு பேரு அன்னிக்குப் போயிட்டாங்க. சங்கு அவங்க காதுல விழுந்துச்சு, ஓட முடியாமப் போச்சு, அவ்வளவுதான்னு மனசைத் தேத்தி வெச்சிருந்தேன். உங்க புத்தகம் வந்துச்சு. கணக்குப் போட்டு எழுதியிருக்காங்க, நம்ம ஞாபகம்தான் தப்பு போலன்னு விட்டுட்டேன். அப்ப நான்தான் கொன்னுட்டேன்னு..."

காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. விழுந்தால் அவருக்குத்தான் தொந்தரவு. உட்கார்ந்தே இருந்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எத்தனை பேரு?"

ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு என்று எழுதிக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

"அது எனக்குத் தெரியும்மா. மனப்பாடம். சங்கு கேட்டு இறங்கினவங்க எத்தனை பேரு?"

எனக்குத் தெரியவில்லை. பதினெட்டு வருடம், நாற்பத்தொரு அட்டவணை. இறந்தவர்களை வயது வாரியாக, தெரு வாரியாக, நாள் வாரியாக எண்ணி வைத்திருக்கிறோம். பிழைத்தவர்களை ஒரு நாளும் எண்ணவில்லை. 'தெரியாது ஐயா, எண்ணிக்கொண்டு வருகிறேன்' என்று எழுதினேன்.

வாசல் வரை மகள் வந்தார். கோபம் போகவில்லை, போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் "படி செங்குத்தா இருக்கும், பாத்து இறங்குங்க" என்றார். அதற்கு நன்றி.

மார்ச் 23, திங்கள்

எண்ணத் தொடங்கிவிட்டோம். பூதக்கண்ணாடி தானாகவே வந்து சேர்ந்துகொண்டார்.

ஏப்ரல் 8, புதன்

திருத்தம் நாளிதழில் வந்தது. எட்டாம் பக்கம், பெட்டிச் செய்தி. பழியைப் போட்டபோது முதல் பக்கம். காலையில் மூன்று தொலைபேசி அழைப்பு. இரண்டு பேர் திட்டினார்கள், ஒருவர் தன் பாட்டனாரும் சங்கு கேட்டு இறங்கியவர்தான் என்று சொல்லி அவர் பெயரையும் கொடுத்தார். அவரைச் சேர்த்து முந்நூற்று எண்பத்திரண்டு.

இயக்குநர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதுகிறார். "சங்கு லேட்டுங்கற சாக்கு இனிமே அவங்களுக்கு நிக்காது" என்றார் பிற்பகல். "எச்சரிக்கை சரியா ஊதியிருக்கு, ஜனங்க இறங்கியிருக்காங்க. அப்புறமும் பத்து நாள் அதே தெருவையே தேடித் தேடி வந்து போட்டிருக்கான். இதை நான் எழுதியே ஆகணும்." தப்பை ஒப்புக்கொண்டால் எல்லாம் இடிந்துவிடும் என்று பயந்த மனிதர்தான். இனப்படுகொலை என்ற அந்தச் சொல்லை எழுதப் போகிறார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மூன்று நிலவறைகள். நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, தெரிந்தவரையில், அந்த எட்டு நிமிடத்தில் அவர் செய்ததையும் எழுதியிருக்கிறோம். நூல் கோத்தார். பூட்டுப் போட்டுவிட்டு மறுபடி திறந்து பூனையை எடுத்துக்கொண்டார். பாதிச் சவரத்தோடு இறங்கினார். செருப்பு தேடினார்.

அம்மாவின் வரிக்கு வந்ததும் பூதக்கண்ணாடி பேனாவை நிறுத்தினார். "உங்களை எப்படி எண்றது?"

"விதி என்ன சொல்லுது?"

"பிழைச்சவங்களுக்கு விதியே இல்லையே. இப்பத்தானே எண்ணவே ஆரம்பிச்சிருக்கோம்."

இயக்குநரிடம் போனோம். பட்டியலை ஒரு பார்வை பார்த்தார். "எண்ணுங்க."

நானூற்றுப் பதின்மூன்று. நாற்பத்திரண்டாம் அட்டவணையின் கடைசி வரியில் நான் இருக்கிறேன். எதிரே, 'எட்டு நிமிடத்தில் செய்தது' என்ற கட்டத்தில், பூதக்கண்ணாடி ஒரு கோடு போட்டு விட்டுவிட்டார். உள்ளே உதைத்துக்கொண்டிருந்தேன் என்று அம்மா சொல்கிறாள். அதைச் சேர்க்கச் சொல்லி நச்சரிக்கிறாள்.

மே 6, புதன்

நினைவு நாள். வருடாவருடம் பத்து இருபதுக்கு, குண்டு விழுந்த நேரத்தில், ஒரு நிமிடம் சங்கு ஊதுவார்கள். இந்த வருடம் பத்து பன்னிரண்டுக்கு ஊதினார்கள். பத்து இருபதுக்கு மௌனம்.

நடுவில் எட்டு நிமிடம். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அம்மா என் காதில், "இப்ப அடுப்பை அணைக்கறேன்" என்றாள். அப்புறம், "இப்ப கதவைத் தட்டறேன்." பக்கத்தில் நின்ற ஒரு பெரியவருக்கு அது கேட்டுவிட்டது. "நான் அப்ப படிக்கட்டுல இருந்தேன், தங்கச்சியை இடுப்புல வெச்சுட்டு" என்றார் அவர். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் மைதானம் முழுக்க ஒரே பேச்சு. நினைவு நாளில் இவ்வளவு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. பத்து இருபது ஆனதும் எல்லாம் சட்டென்று அடங்கியது. ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு பேருக்காக நின்றோம்.

சங்கு ஊதியவர் வரவில்லை. முன்வரிசையில் அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தோம், காலியாகவே இருந்தது. நாற்பத்திரண்டாம் அட்டவணையை போன வாரமே பைண்டு போட்டு அனுப்பிவிட்டேன், அதற்கும் பதில் இல்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

மே 10, ஞாயிறு

அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அவர் மகள் போன் செய்தார். பதினெட்டு வருடமாக அந்த நாள் வந்தால் அவர் விடிந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பி, எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறிப் போய்விடுவாராம். இருட்டிய பிறகுதான் திரும்புவாராம். "இந்த வருஷம் போகலைங்க. பத்து பன்னிரண்டுக்கு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுட்டு நின்னார். 'அதிருது'ன்னார். வேற ஒண்ணும் சொல்லலை."

அவரே தொடர்ந்தார். "உங்க பட்டியலைத்தான் நாலு நாளா வாசிக்கிறார். ஒரு நாளைக்கு நூறு பேருன்னு கணக்கு. நேத்து ராத்திரி முடிச்சுட்டார். உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார்."

"கேளுங்க."

"முந்நூத்தி அஞ்சாவது ஆளு, செருப்பு தேடினாங்கன்னு போட்டிருக்கு. அந்தச் செருப்பு கிடைச்சுதான்னு கேக்கறார்."

ஐம்பது வருடமாக அந்தக் கதையைக் கேட்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் கேட்டேன்.

"ஒண்ணுதான் கிடைச்சுது" என்றாள் அம்மா. "ஒத்தைச் செருப்போடதான் இறங்கினேன். யார் கேக்கறது?"

சொன்னேன்.

அடுப்பில் என்னவோ கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "இதையெல்லாம் போன்ல சொன்னா அவருக்கு எங்க கேக்கும்? வர்றோம்னு சொல்லிடு."

மகளிடம் சொல்லிவிட்டேன். மத்தியானம் வரச் சொன்னார். சமையலறைக் கடிகாரம் பன்னிரண்டு என்கிறது, இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. அம்மா வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.